நூத்திமுப்பது டிகிரிச் சூடு

எங்க ஃப்ளாட்ஸ்ல ஒருத்தரைப் பொம்மையாப் புடிச்சு அடுப்புக்குள்ள வெச்சா, எங்கியோ ஒக்காந்திருக்கற அந்த ஆளுக்கு, பக்கத்துல யாரோ வந்து ஒக்காந்தாப்பல இதமாச் சூடு தட்டும். இதைக் கேட்டுப்போட்டு நீங்க என்னை மேலயும் கீழயும் பாக்கறது தெரியுதுங்க, நானும் வெளியாளு சொல்லிக் கேட்டிருந்தா அப்படித்தான் பாத்திருப்பேன். ஆனா சிங்காநல்லூருக்கு அந்தப் பக்கம், மில்லை மூடி மனை பிரிச்ச எடத்துல கட்டுன எங்க மூணு மாடிக் கட்டடத்துல, தண்ணி லாரி வர்றதும் கரண்டு போறதும் எப்படியோ அப்படித்தான் இதுவும், வந்துச்சு, இருந்துச்சு, பழகிக்கிட்டோம். ஏன் இப்படி ஆகுதுன்னு ஒருத்தரும் கேக்கல. எனக்கு எப்பங்கற கேள்விதான் எல்லார் வாயிலயும் இருந்துச்சு.

என் பேரு பூவாத்தா, மொத மாடி. எங்ககூடக் குடியிருக்கறவிங்க பாதிப் பேரு மில்லுலயும் ஃபவுண்டரியிலயும் வேலை செஞ்சு ஓஞ்சவிங்க. புள்ளைகளைப் படிக்க வெச்சாங்க, அதுக படிச்ச படிப்புக்கு ஏத்த ஊருக்குப் போயிருச்சுக, இவிங்க பால் பாக்கெட்டும் மாத்திரையுமா இங்க கெடக்கறாங்க. ஒண்டியா இருக்கறவிங்களுக்குத்தான் வெசனம்னு நெனச்சுக்காதீங்க. எங்க வீட்டுக்காரரு கல்லாட்ட வீட்டுலயேதான் இருக்காரு, காலையில டிவி முன்னாடி ஒக்காந்தாருன்னா சோத்துக்கு ஒருக்கா மாத்திரைக்கு ஒருக்கா கழுத்தைத் திருப்புவாரு, நான் மயங்கி விழுந்தாலும் விளம்பரம் வர்றப்பத்தான் கவனிப்பாரு. அவருகூட இருக்கறதுக்கும் ஆளில்லாத வீட்டுல இருக்கறதுக்கும் எனக்குத் தெரிஞ்சு சோத்து அளவுதான் வித்தியாசம்.

இந்துமதி மூணாவது மாடிக்குக் குடி வந்தது ஒரு கார்த்திகை மாசம். நாப்பதைத் தாண்டுனவ, கூட யாருமில்ல. கல்யாணம் ஆச்சா, ஆகி அத்துப்போச்சா, கட்டவே இல்லியான்னு நாங்க கேக்காத கேள்வியில்ல, எல்லாத்தையும் சிரிச்சே கழிச்சு விட்டுருவா. சாமான் எறக்குனப்பக் கட்டிலைவிடப் பத்திரமா அவ எறக்குனது ஒரு ஓவன், மேசை மேல வெக்கற கண்ணாடிக் கதவு ஓவன். கேக்குப் போட்டு விப்பியா கண்ணுன்னு கேட்டேன். "இல்லீங்க்கா, திங்கற சாமான் எதையும் இதுல வெக்கவே மாட்டேன், இது மண்ணுக்கு"ன்னா. பாலிமர் களிமண்ணாம். பேருதான் மண்ணு, கொளத்து மண்ணில்ல, அது ஒரு வகைப் பிளாஸ்டிக்கு, சோப்புக்கட்டியாட்ட எல்லாக் கலர்லயும் வருது. அதைக் கையில வெச்சுப் பெசஞ்சு பெசஞ்சு எளக்கி, தோடு, ஜிமிக்கி, ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டற குட்டி இட்லித்தட்டு, கல்யாணக் கேக்கு மேல நிக்கற மாப்ள பொண்ணுன்னு செஞ்சு, வேக வெச்சு, கூரியர்ல அனுப்பறதுதான் அவ பொழப்பு. வேக வெக்காத வரைக்கும் அது காயாதாம், எத்தனை மாசம் ஆனாலும் வெச்சது வெச்சபடி கெடக்குமாம். எங்களாட்டன்னு நான் சொன்னேன். அதுக்கும் சிரிச்சா.

மொதப் பொம்மை வசந்தாமணியக்கா. ரெண்டாவது மாடி, மக கனடாவுல. பால்கனியில பிளாஸ்டிக் சேரைப் போட்டு, ஒரு காலை மடக்கி வெச்சுக்கிட்டு, கேட்டைப் பாத்தபடி பொழுதன்னிக்கும் ஒக்காந்திருக்கும். தோல் நெறம் கலக்கறது சரியா வருதான்னு பாக்கறதுக்காக இந்துமதி அந்தக்காவைச் சேரோட பெருவிரல் ஒசரத்துக்குச் செஞ்சு, ஒரு மார்கழி மத்தியானம் ஓவன்ல வெச்சிருக்கா. அதே நேரத்துக்கு இங்க கீழ வசந்தாமணியக்கா ஸ்வெட்டரைக் கழட்டிப்போட்டு அழுதுட்டிருக்குது. என்னாச்சுங்க்கான்னு நான் ஓடுனேன். "அம்மிணி, யாரோ என் பக்கத்துல ஒக்காந்திருக்காங்க. அடுப்புச் சூடில்ல, வெயில் சூடுமில்ல. டவுன் பஸ்ல பக்கத்து சீட்டு மனுசகிட்ட இருந்து ஒரு சூடு வரும் பாரு, அது. எந்திரிச்சுப் போயிருவாங்களோன்னு பயமா இருக்குது"ன்னு சொல்லுச்சு. கொஞ்ச நேரம் இருந்துச்சாம். அப்பறம் வீட்டுக்கு வந்த ஒரம்பரை கெளம்பறாப்பல, சட்டுனு எந்திரிக்காம, செருப்பைத் தேடி, வாசல்ல நின்னு நாலு வார்த்தை பேசி, மெல்ல மெல்லத்தான் போச்சாம். மேல இந்துமதி ஓவனை அணைச்சுப்போட்டு, கதவைத் தொறக்காம, பொம்மையை உள்ளயே ஆற விட்டிருந்தா.

மேல வெந்ததையும் கீழ வேர்த்ததையும் சேத்து முடிச்சுப் போட்டது ஆறுக்குட்டியண்ணன். கீழ் வீடு, சம்சாரம் தவறிப்போச்சு, ஃபவுண்டரியில இரும்பு உருக்கற எடத்துல காலம் பூரா நின்னவரு. எதையும் சோதிச்சுப் பாக்காம நம்ப மாட்டாரு. "என்னையும் ஒண்ணு புடி அம்மிணி, பாத்துப்போடலாம்"னு போயி நின்னாரு. பனியனும் தோள்ல துண்டுமா அவரைச் செஞ்சு வேக வெச்சப்ப, மனுசன் ரேசன் கடை வரிசையில நின்னிருக்காரு. நின்ன எடத்துலயே கண்ணை மூடிக்கிட்டு, பின்னாடி இருக்கறவிங்களையெல்லாம் நீங்க போங்க நீங்க போங்கன்னு முன்னாடி அனுப்பிச்சுப்போட்டு, கடை சாத்தற வரைக்கும் அங்கியே நின்னாரு. சக்கரை வாங்காம வந்து, "வருது"ன்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னாரு.

அதுக்கப்பறம் பாக்கோணுமே. சங்கக் கூட்டம் போட்டாங்க, மோட்டார் ரிப்பேருக்கு வராதவனெல்லாம் வந்துட்டான். யாரு மொதல்ல, புருசன் பொண்டாட்டியை ஒண்ணா வெக்கலாமா, நாய்க்கு உண்டான்னு ஒரே அக்கப்போரு. பைக் நிறுத்தற எடத்துக்காக வெட்டுப்பழி குத்துப்பழின்னு நின்ன ரெண்டு பேரை, இந்துமதி தெரியாத்தனமா, பொம்மைக்கு அடியில வெக்கற ஒரே தரை ஓட்டுமேல தோளோட தோள் ஒட்டறாப்பல வெச்சு வேக வெச்சுட்டா; அதுக ரெண்டும் இன்னைக்கு வரைக்கும் பேசிக்கறதில்ல, ஆனா ஒருத்தன் வண்டிக்கு இன்னொருத்தன் எடம் விட்டு நிறுத்தறான். மகன்கூட இருக்கறேன்னு பம்பாய்க்குப் போன பெரியவரு ஒருத்தரு அங்கிருந்து ஃபோன் பண்ணி, ரயில் தூரத்துக்கெல்லாம் அது வருமான்னு கேட்டாரு. செஞ்சு பாத்தா வந்துச்சு. மகனும் மருமகளும் வேலைக்குப் போன வீட்டுல ஒத்தையில ஒக்காந்துட்டு, வந்து சேந்துச்சு கண்ணு, வந்து சேந்துச்சுன்னு ஃபோன்ல அழுதாரு.

இந்துமதி அதுல ரொம்பக் கறாரு. ஓவன் திருகுல இருக்கற நம்பரை நம்பவே மாட்டா, அது பொய் சொல்லும்பா. உள்ளுக்குள்ள தனியா ஒரு தெர்மாமீட்டரை வெச்சு, பாக்கெட்டுல போட்டிருக்கற சூடு, அவ வாங்கற மண்ணுக்கு நூத்திமுப்பது, அந்தக் கோட்டுல முள்ளு வந்து நின்னாத்தான் பொம்மையை உள்ள விடுவா. கொறைஞ்சா உள்ள வேகாம ஒடிஞ்சு போகுமாம், ஏறுனாக் கருகிப் பொகையுமாம், அந்தப் பொகை நெஞ்சுக்குக் கெடுதலாம். பொம்மைக்கு அடியில ஒரு தரை ஓடு, மேல அலுமினியத் தாள்ல ஒரு கூடாரம், தலை தீஞ்சிறக் கூடாதுன்னு. மைக்ரோவேவ் பேச்சே எடுக்கக் கூடாது. மண்ணு தொட்ட கத்தி சமையக்கட்டுக்குப் போகக் கூடாது, கையைச் சோப்புப் போட்டுக் கழுவாம வெத்தலைகூடப் போடக் கூடாது. எல்லாத்துக்கும் மேல, ஓவனைப் போட்டதும் ஜன்னலைத் தொறந்திரோணும், என்ன காத்து வீசுனாலுஞ் சாத்தக் கூடாது. அவ வீட்டு ஜன்னலைத்தான் அவ சொன்னா. எங்காளுக கோயில் காரியமாட்ட எடுத்துக்கிட்டு, மேல ஓவன் போட்டா மொத்த ஃப்ளாட்ஸும் ஜன்னலைத் தொறந்து வெக்கற வழக்கம் வந்துருச்சு. எவன் வீட்டுலயாவது சாத்திக் கெடந்தா கீழ இருந்து கத்துவாங்க. நல்லாருக்கீங்களான்னு கேக்கறது போயி, "என்ன, நூத்திமுப்பதா?"ன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. கல்யாணத்துல கால்ல விழுந்த புள்ளைகளை நூத்திமுப்பதா இருங்க சாமின்னு வாழ்த்துனாங்க. பொண்ணு வீட்டுக்காரங்க என்ன நெனச்சாங்களோ தெரியல.

ஒருக்கா வெந்த பொம்மையை மறுக்காவும் வேக வெக்கலாம். ஆனா புதுசா ஒரு பொட்டு மண்ணாவது ஒட்டோணும், இல்லீன்னா ஆளுக்குச் சூடு வராது. அதனால அவ வாரா வாரம் எங்களைப் பாத்துப் பாத்து எதையாவது ஒட்டுவா. வசந்தாமணியக்காவுக்குப் புதுக் கண்ணாடி, ஆறுக்குட்டியண்ணனுக்குச் சவரம் பண்ணப்ப கீறுன கோடு, எனக்கு ரவிக்கைத் தோள்ல குத்தியிருக்கற ஊக்கு. நான் ஊக்கு குத்தியிருக்கறது எனக்கே தெரியாது. எங்க வீட்டுக்காரரு முப்பது வருசத்துல பாக்காததையெல்லாம் அவ பாத்தா.

எம்பொம்மை மொத தடவை உள்ள போனப்ப நான் சோபாவுல ஒக்காந்து பூண்டு உரிச்சிட்டிருந்தேன். வலது பக்கம் இதமா வந்துச்சு. இத்தனை வருசங்கழிச்சு இந்த மனுசன் நகந்து கிட்ட வந்து ஒக்காந்துட்டாரோன்னு திரும்பிப் பாத்தனுங்க, முட்டாச் சிறுக்கி. அவரு அந்தக் கோடியிலதான் இருந்தாரு, சேனல் மாத்திட்டிருந்தாரு. எனக்கு அப்படியொரு அழுகை வந்துச்சு, பூண்டு உரிச்சா அழுகை வருமான்னு கேட்டாரு.

அன்னைக்குத்தான் மேல போயி அவகிட்டக் கேட்டேன், எல்லாருக்கும் வெக்கறியே, உனக்கு எப்பக் கண்ணு வெச்சுக்குவேன்னு. அவ அலமாரித் துணியை வெலக்குனா. உள்ள ஒரு வரிசை பூரா இந்துமதி. சேலை கட்டுன இந்துமதி, நைட்டியில இந்துமதி, டீ டம்ளரோட இந்துமதி, எல்லாம் பளபளன்னு வெந்து நின்னுச்சுக.

"வரமாட்டேங்குதுங்க்கா. நானே செஞ்சு நானே வெச்சா, சும்மா பொம்மைதான் வேகுது. நம்ம முதுகை நம்மளே தேச்சுக்கறாப்பல, எட்டவே மாட்டேங்குது."

"வேற யாரையாவது செய்யச் சொல்லலாமே, கண்ணு."

"யாருங்க்கா செய்வாங்க"ன்னு கேட்டுப்போட்டு, துணியை இழுத்து மூடிட்டு, எம்பொம்மைக்கு என்ன ஒட்டலாம்னு என் மூஞ்சியைப் பாக்க ஆரம்பிச்சுட்டா. நானும் மூஞ்சியைக் காட்டிட்டு ஒக்காந்திருந்தேன்.

அப்படியே ரெண்டு மூணு மார்கழி போச்சுங்க. அவ கை குளுந்துக்கிட்டே வந்ததை யாரு கவனிச்சா? அந்த மண்ணு கையோட சூட்டுலதான் எளகும், சூடில்லாத கையில பெசஞ்சா புட்டு மாவாட்ட உதிரும். மொதல்ல வெந்நீர் பாட்டலைச் சுத்தித் துணியில வெச்சு எளக்கிப் பாத்தா, அப்பறம் இடுப்புல செருகி வெச்சுக்கிட்டுப் பாத்தா, எங்களுக்கெல்லாம் அள்ளிக் குடுத்த சூடு அவகிட்ட மிஞ்சல. பொம்மைகள்ல ஒட்டுன மண்ணு வெரிசல் விட்டுச்சு. ஆளுகளுக்குச் சூடு பாதியில நின்னு போச்சு. இவிங்க போயி என்ன கேட்டிருக்கோணும்? உனக்கு என்ன சாமி ஆச்சுன்னு கேட்டிருக்கோணும். கேட்டாங்களா? எனக்கு எடது தோள்ல வரலை, எனக்குப் போன வாரமும் பத்தலைன்னு ஆளாளுக்குப் படியேறிப் போயிக் கொற சொன்னாங்க. நன்றியத்த கூட்டம். நானும் அந்தக் கூட்டந்தான், எனக்குந்தான் அந்த வாரம் பத்தல.

தை பொறந்தப்ப அவ படுத்துட்டா. மேல ரெண்டு கம்பளி, அதுக்கு மேல ஜமுக்காளம், உள்ள தொட்டா ஃப்ரிட்ஜுல வெச்ச பாத்தரமாட்ட ஒடம்பு. டாக்டர் வந்து பாத்துட்டு எல்லா டெஸ்டும் நார்மல்னாரு, பல்ஸ் மட்டும் எறங்கிட்டே வருது, எறங்க விடாமப் பாத்துக்கோங்கன்னாரு. எப்படிப் பாத்துக்கறதுன்னு சொல்லல. பக்கத்துல ஒக்காந்து கையைப் புடிச்சேன். என் கை வெறைச்சதே ஒழிய, அவ கை சூடாகல. இவ போயிருவான்னு எனக்கு அப்பத்தான் ஒறைச்சுது.

மத்தியானமா ஆறுக்குட்டியண்ணன் வீட்டுல கூடுனோம், அவரு, நானு, வசந்தாமணியக்கா. அவளுக்கு ஒரு பொம்மை செஞ்சே ஆகோணும்னு நான் சொன்னேன். மண்ணுக்குப் பஞ்சமில்ல, அவ அப்பப்ப மீந்த துண்டையெல்லாம் ஒரு கவர்ல போட்டுக் குடுத்திருந்தா. எல்லாக் கலரும் சேந்து சாணி நெறமாப் போச்சு, போனாப் போகுதுன்னு மூணு பேரும் மாத்தி மாத்திப் பெசஞ்சோம். கையெல்லாம் வலிச்சுது, இதை அவ தெனமும் செஞ்சிருக்கா. ஒடம்பைச் செஞ்சோம், கையைச் செஞ்சோம், சடையைச் செஞ்சோம். மொகத்துக்கு வந்தப்பத்தான் மூணு பேரும் நின்னுட்டோம்.

"மூக்கு எப்படி இருக்கும் அவளுக்கு?"ன்னு அண்ணன் கேட்டாரு.

எடுப்பா இருக்கும்னு வசந்தாமணியக்கா சொல்லுச்சு. இல்ல, சப்பைங்க்கான்னு நான் சொன்னேன். எனக்கும் நிச்சயமில்ல. கண்ணு பெருசா சிறுசா, கன்னத்துல குழி விழுமா விழாதா, ஒரு எழவும் தெரியல. வாரா வாரம் அவ எதிர்ல போயி ஒக்காந்தோம், எங்க மூஞ்சியை அவகிட்டக் குடுத்தோம், அவ மேசைக்குக் குனிஞ்சு வேலை செஞ்சா, நாங்க ஓவன் கண்ணாடியில எங்க பொம்மையவே பாத்துட்டிருந்தோம். எங்க மூணு பேருக்கும் நல்லாத் தெரிஞ்சது அவ முதுகுதான். குனிஞ்ச முதுகு, கழுத்துல எலும்பு துருத்திக்கிட்டு, சடை ஒரு பக்கமா விழுந்து கெடக்கும். கடைசியில அதைத்தான் செஞ்சோம், மேசைமேல தலையைக் கவுத்துக்கிட்டு ஒருத்தி, மொகமே தெரியாம.

"மேல ஓவன்ல வெச்சிரலாம்"னு நான் எடுத்தேன்.

"அவ பாத்தான்னா வேண்டாம்பா. மண்ணை வீணாக்காதீங்கம்பா. இங்கியே குக்கர்ல வெச்சுப்போடலாம் அம்மிணி. அடியில மணலைப் போட்டு, கேஸ்கட்டும் வெயிட்டும் இல்லாம மூடி, எங்க சம்சாரம் இருந்தப்ப இப்படித்தான் கேக்குப் போடுவா, பஞ்சாட்ட வரும்."

"ஏனுங்கண்ணா, கேக்கும் இதும் ஒண்ணா? நூத்திமுப்பதுன்னு எப்படித் தெரியும்?"

அவருக்குக் கோவம் வந்துருச்சு. "கொழம்பாட்ட இரும்பு உருகி ஓடறப்ப நெறத்தைப் பாத்தே எத்தனை டிகிரின்னு சொன்னவன் நானு. இன்ஜினியரு மிசின் வெச்சுப் பாத்தா நான் சொன்னதுதான் இருக்கும். நூத்திமுப்பதெல்லாம் எனக்கு டீத்தண்ணிச் சூடு."

வேற பேச்சே பேசாதீங்க, தெர்மாமீட்டர் இல்லாம அடுப்பைத் தொடக் கூடாதுன்னு சொல்லிப்போட்டு, மேல ஓவனுக்குள்ள இருக்கறதை எடுத்தாறலாம்னு நான் படியேறுனேன். பொட்டாட்ட, சத்தமில்லாமக் கதவைத் தொறந்து, ஓவனுக்குள்ள கையை விட்டப்ப, கட்டில்ல இருந்து இந்துமதி கொரலு.

"அக்கா. யாரோ வந்திருக்காங்க."

திரும்பிப் பாத்தேன். கம்பளியை வெலக்கிட்டு ஒருக்களிச்சுக் கெடக்கறா. சிரிக்கறா. கழிச்சு விடற சிரிப்பில்லீங்க அது. "முதுகுக்குப் பின்னால ஒக்காந்திருக்காங்க. நெறையப் பேரு கையாட்ட இருக்குது"ன்னா. ஆறுக்குட்டியண்ணன் எனக்காகக் காத்திருக்காம அடுப்பைப் பத்த வெச்சுட்டாரு. சரி, நல்லதுதானே நடக்குதுன்னு, தெர்மாமீட்டரைக் கையில வெச்சுக்கிட்டு அவ மூஞ்சியவே பாத்துட்டு நின்னேன். அப்பறம் அந்தச் சிரிப்பு சுருங்குச்சு. "போதுங்க்கா, சூடு ஜாஸ்தியா இருக்குது"ன்னா. முதுகைத் தொட்டா தோசைக்கல்லாட்டக் கொதிக்குது. அக்கா எரியுதுன்னு அவ கத்துனது காதுல இருக்கறப்பவே நான் பாதிப் படி எறங்கிட்டேன்.

காத்துல கேஸ் அணையுதுன்னு அண்ணன் ஜன்னலை வேற சாத்தி வெச்சிருந்தாரு. உள்ள கண்ணெரியற பொகை, காரமா, மூக்கைப் புடிக்கற நெடி. அதுக்குள்ள நின்னு குனிஞ்சு தீயோட நெறத்தைப் பாத்துட்டிருக்காரு, சூடு பத்தலையோன்னு சந்தேகமா. இரும்பு செவக்கும், மஞ்சளாகும், வெளுக்கும், கண்ணுக்குத் தெரியும். நூத்திமுப்பது டிகிரிக்கு நெறமே கெடையாது. அவரு பாத்துப் பழகுன கண்ணு அத்தனை சின்னச் சூட்டைப் பாத்ததே இல்ல. நான் சேலைத் தலைப்பால மூக்கைப் பொத்திக்கிட்டு கேஸை அணைச்சேன், ஜன்னலைத் தொறந்தேன், கதவைத் தொறந்தேன், துணியைப் புடிச்சுக் குக்கரை அப்படியே வராந்தாவுக்கு எடுத்துட்டுப் போயி மூடியை எடுத்தேன். குனிஞ்சவ முதுகு பூரா பழுப்பேறி, நடுவுல கருகியிருந்துச்சு. அண்ணன் ஒரு சொம்புத் தண்ணியோட ஓடி வந்தாரு.

"ஊத்தாதீங்கண்ணா."

"அங்க அவ எரியறா அம்மிணி."

"ஊத்துனா வெடிச்சிரும். வெடிச்சா அவ என்னாவா? தானாத்தான் ஆறோணும்."

வசந்தாமணியக்காவை மேல அனுப்பிச்சோம், விசிறியோட. நாங்க ரெண்டு பேரும் வராந்தாவுல குக்கருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமா ஒக்காந்து, ஊதவும் கூடாம, தொடவும் கூடாம, ஆறட்டும் ஆறட்டும்னு பாத்துட்டிருந்தோம். அப்படி ஒரு பொழுது யாருக்கும் வரக் கூடாதுங்க. அவரு சொம்பைக் கீழ வெக்கவே இல்ல. எங்க வீட்டுல சம்சாரம் போனப்பவும் நான் இப்படித்தான் பக்கத்துல ஒக்காந்திருந்தேன், ஒண்ணும் செய்ய முடியலன்னு சொன்னாரு.

பொழுது எறங்கற நேரத்துக்குப் படியில காலடிச் சத்தம் கேட்டுச்சு. வசந்தாமணியக்கா தோளைப் புடிச்சுக்கிட்டு இந்துமதி எறங்கி வந்து நின்னா. வேர்த்திருந்துச்சு, கண்ணெல்லாம் செவந்திருந்துச்சு, முதுகுல ஒரு கைப்புடி அளவுக்குக் கொப்பளம், ஆனா கால் ஊணி நின்னா. அவ இந்தக் கட்டடத்துக்கு வந்து அத்தனை வருசத்துல எங்க யாரு வீட்டு வாசப்படியும் மிதிச்சதில்ல. நாங்க கூப்புட்டதில்ல.

பொம்மையைக் கையில எடுத்தா. தொழில்காரி பாருங்க, மொதல்ல கொற கண்டுபுடிச்சா. "சரியாப் பெசையல, உள்ள காத்து நின்னிருக்குது. ஓட்டுமேலயும் வெக்கல, கூடாரமும் போடல. ஜன்னலைச் சாத்திட்டா வெச்சீங்க? உங்க மூணு பேரு நெஞ்சு என்னாகும்?"னு திட்டுனா. அண்ணன் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. கருகுன முதுகுல எங்க மூணு பேரு விரல் ரேகையும் அப்படியே பதிஞ்சு வெந்திருந்துச்சு, அவ அதை ரொம்ப நேரம் தடவிப் பாத்தா. அப்பறம் திருப்புனா.

"மொகம் எங்கீங்க்கா?"

பொய் சொல்லியிருக்கலாம், குனிஞ்சு வேலை செய்யறாப்பல செஞ்சோம்னு. வாய் வரல. "நாங்க பாக்கல, கண்ணு"ன்னேன்.

அவ எங்களைத் திட்டுவா, அழுவான்னு நெனச்சேன். ரெண்டுமில்ல. மேல வாங்கன்னு கூப்புட்டா.

போனோம். விசயம் பரவி மத்த வீட்டுக்காரங்களும் ஒருத்தர் பின்னால ஒருத்தரா வந்து நின்னாங்க. எங்க வீட்டுக்காரரையும் கூப்புட்டேன், மேட்ச் முடியட்டும்னாரு. தெர்மாமீட்டரை நானே ஓவனுக்குள்ள வெச்சேன், சுச்சைப் போட்டேன், ஜன்னலையெல்லாம் தொறந்து விட்டேன். இந்துமதி அவ வேலை செய்யற மேசைகிட்டப் போகாம, சேரை நடுக் கூடத்துல போட்டு, எங்களுக்கு நேரா, லைட்டுக்குக் கீழ ஒக்காந்தா.

"பாத்துக்கோங்க. அவசரமில்ல"ன்னா.

பாத்தோம். மண்ணைப் பெசஞ்சுக்கிட்டே பாத்தோம். மூக்கு எடுப்புமில்ல, சப்பையுமில்ல, நுனியில லேசாத் தூக்கியிருக்கும். எடது கண்ணு வலதைவிட ஒரு இணுக்குச் சிறுசு. மோவாயில பழைய தழும்பு ஒண்ணு, சின்ன வயசுல விழுந்திருப்பா போல. வகிடு பூரா நரை. இத்தனை பேரு பாக்கறப்ப அவளுக்கு எங்க பாக்கறதுன்னு தெரியல, கையை மடியில வெச்சுக்கிட்டு, பள்ளிக்கூடத்துல ஃபோட்டோவுக்கு ஒக்காந்த புள்ளையாட்ட ஒக்காந்திருந்தா. ஆறுக்குட்டியண்ணன் அந்தச் சின்னக் கண்ணைச் செய்யறேன்னு பல்குச்சியால கீறறதும், அவ மூஞ்சியைப் பாக்கறதும், அழிச்சுப்போட்டு மறுக்காக் கீறறதுமா இருந்தாரு.

முள்ளு இன்னும் நூத்தையே தாண்டல. பொம்மையை உள்ள விட முடியாது. தை மாசத்துக் காத்து, பாலக்காட்டுக் கணவாயைப் பாத்து ஓடறது, தொறந்த ஜன்னல் அத்தனையிலயும் பூந்து அடிச்சுது. அவளுக்குப் பல்லு தந்தியடிக்க ஆரம்பிச்சுருச்சு.

"குளுருதே புள்ளைக்கு, இதை மட்டும் சாத்தட்டுமா?"ன்னு வசந்தாமணியக்கா எந்திரிச்சுது.

"சாத்தக் கூடாதுங்க"ன்னு நாங்க அத்தனை பேரும் ஒண்ணாச் சொன்னோம்.

"அப்பக் கிட்ட வாங்க"ன்னா இந்துமதி.

சேரையெல்லாம் இழுத்துப் போட்டோம். சேர் இல்லாதவிங்க தரையில நகந்தாங்க. அண்ணன் சேரைத் தூக்கிக்கிட்டு, முதுகுக் கொப்பளத்துல பட்டுருமோன்னு பயந்துக்கிட்டு, ஒரு அடி தள்ளியே நின்னாரு.

"எவ்வளவு கிட்ட, அம்மிணி?"

அவ பக்கத்துல இருந்த எடத்தைக் கையால தட்டிக் காட்டுனா.

"டவுன் பஸ்ஸாட்டங்கண்ணா."